நேரசூசிக்குள் உடற்பயிற்சி: திருகோணமலைக் கம்பஸ் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் படிக்கும் பிள்ளைகள் பலர் உடற்பயிற்சியைத் தொடங்கும் விதம் ஒன்றுதான். செமஸ்டரின் முதல் திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்கு எழும்பி, உப்புவெளிக் கடற்கரையில் மூச்சு முட்ட ஓடுவார்கள். மூன்றாம் நாள் கெண்டைக்கால் உழையும். இரண்டாம் கிழமை ஒரு அசைன்மென்ட் வரும், இரவு கண்விழிப்பார்கள், அலாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுப்பார்கள். அதோடு எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் தாங்கள் சோம்பேறிகள் என்று தங்களையே ஏசிக்கொள்வார்கள்.

உண்மையில் அங்கே பிழைத்தது வரிசை. கடைசியாகச் சேர்க்க வேண்டிய ஓட்டத்தை முதலில் எடுத்தார்கள். முதலில் செய்ய வேண்டிய நேரம் பார்க்கும் வேலையைச் செய்யவே இல்லை. கீழே தந்திருக்கும் வரிசை, விடுதியிலும் போர்டிங்கிலும் இருக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து, அவர்கள் எந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அமைத்தது. படிகளை முன்பின் மாற்றாமல் போங்கள்.

1. முதலில் நேரசூசியில் இடம் பிடியுங்கள்

ஒரு தாளில் ஏழு நாளையும் கோடு போட்டு எழுதுங்கள். விரிவுரை, பிரக்டிகல், பஸ் பயணம், சாப்பாடு, நீங்கள் சொல்லிக்கொடுக்கும் டியூஷன், நித்திரை எல்லாம் அதில் வர வேண்டும். எப்படி இருக்க வேண்டும் என்று எழுதாமல், போன கிழமை உண்மையில் எப்படிப் போனது என்று எழுதுங்கள். இரவு ஒரு மணிக்குப் படுக்கிறவர் பத்து மணி என்று எழுதினால் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

இப்போது அதில் 25 நிமிட இடைவெளி மூன்று தேடுங்கள். ஒரு மணித்தியாலம் தேட வேண்டாம், கிடைக்காது. மூன்று நாட்களும் அடுத்தடுத்து வராமல் இருந்தால் நல்லது. தசைக்கு இடையில் ஒரு நாள் ஆறுதல் கிடைக்கும்.

ஒரு இடைவெளி நல்லதா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும். வேலை அதிகமான கிழமையிலும் அது மிஞ்சுமா? அதற்கு முன்னோ பின்னோ, எந்த நாளும் தவறாமல் நீங்கள் செய்யும் ஏதாவது இருக்கிறதா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். 'ஆறு மணிக்குச் செய்வேன்' என்று வைத்தால் ஆறு மணி சத்தமில்லாமல் கடந்துபோகும். 'குளிக்கப் போக முதல் செய்வேன்' என்று வைத்தால் குளியல் வந்தே தீரும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் சொல்வது பின்னேரக் குளியலுக்கு முந்திய 25 நிமிடம். கோணேசபுரி வளாகத்திலிருந்து பஸ்ஸில் வியர்த்து வழிந்து வருகிறீர்கள், எப்படியும் குளிக்கத்தான் போகிறீர்கள். தனியாக இன்னொரு குளியல் இல்லை, தோய்க்க இன்னொரு சோடி உடுப்பும் இல்லை. காலையில் செய்தால் விடுதிக் குளியலறை வரிசையில் நின்று முதல் விரிவுரைக்குப் பிந்துவீர்கள். இரவு பத்தரைக்குள் படுத்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் காலையை எடுங்கள்.

மூன்று நாளோடு நான்காவதாக ஒரு பதில் நாளும் குறித்து வையுங்கள். விட்டுப்போன ஒன்றை அந்த நாளில் செய்யலாம். பதில் நாள் இல்லாதவர்கள் ஒரு நாள் தவறியதுமே அந்தக் கிழமை முழுவதையும் கைவிடுவதை அடிக்கடி கண்டிருக்கிறேன்.

2. தொடங்க முதல் எடுத்து வைக்க வேண்டியவை

ஜிம் கட்டணம் தேவையில்லை. ஒரு பாய், ஆடாத ஒரு கதிரை, உறுதியான ஒரு மேசை, தோளில் போடும் புத்தகப்பை, ஒன்றரை லீட்டர் வெறும் தண்ணீர்ப் போத்தல் நான்கு. ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே போத்தலை நிரப்பி நிரப்பிப் பையில் வைத்தால், ஒன்றரை கிலோவில் தொடங்கி ஆறு கிலோ வரை எடையைக் கூட்டிக்கொண்டு போகலாம். காசு கொடுத்து வாங்குவதென்றால் சப்பாத்து ஒன்றுதான். அதுவும் நடையும் ஓட்டமும் சேர்க்கும் ஆறாம் படிக்கு வரும்போது வாங்கினால் காணும்.

பயிற்சி உடுப்பைக் காலையிலேயே கட்டில் மேல் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். களைத்து வந்தவர் அலுமாரியைத் திறந்து தேட மாட்டார், கட்டிலில் சாய்ந்துவிடுவார்.

நெஞ்சு நோவு, ஓடும்போது தலைசுற்றி விழுந்த அனுபவம், இதய நோய், நீரிழிவு, அடிக்கடி வரும் தொய்வு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், தொடங்க முதல் வைத்தியரிடம் ஒரு சொல் கேளுங்கள். தொய்வுக்கு இன்ஹேலர் பாவிப்பவர்கள் அதைப் பயிற்சி செய்யும் இடத்தில் கையெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும்.

3. எவ்வளவு போதும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவு இது: வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. அதோடு பெரிய தசைகள் எல்லாவற்றுக்குமான பலப்பயிற்சி கிழமைக்கு இரண்டு நாளாவது வேண்டும். முன்பு, தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. அந்த நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிட வேக நடையும் கணக்கில் சேரும்.

பஸ் தரிப்பிடத்துக்குப் போகப் பத்து நிமிடம், வரப் பத்து நிமிடம் வேகமாக நடக்கிறவருக்கு ஐந்து நாளில் 100 நிமிடம் ஆகிவிட்டது. மிச்சம் 50 நிமிடத்தை இரண்டு பின்னேரங்களில் முடிக்கலாம். ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைக் கணக்கில் எடுக்காததால்தான் பலருக்கு இது மலை போலத் தெரிகிறது.

4. பலப்பயிற்சியில் தொடங்குங்கள்

ஓட்டத்துக்கு முன் இதை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மாணவர் வாழ்க்கையில் நடை ஓரளவாவது இருக்கும், பாரம் தூக்குவது அனேகமாக இருக்காது. விரிவுரை மண்டபத்திலும் லப்டொப் முன்னும் மணிக்கணக்கில் குனிந்திருந்து நாரியும் தோளும் தளர்ந்துபோயிருக்கும். அதோடு, அறைக்குள் செய்யும் பயிற்சிக்கு வெயில், மழை, இருட்டு, தெருநாய் எதுவும் தடையில்லை. பழக்கம் வேர்விடும் முதல் கிழமைகளில் தடை குறைந்த ஒன்றுதான் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு, யார் பார்க்கிறார்கள் என்ற யோசனையும் இல்லாமல் போகும்.

முதல் நான்கு நிமிடம் உடலைச் சூடாக்குங்கள். நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்றல், இடுப்பு சுழற்றல், பாரமில்லாமல் பத்து முறை இருந்து எழும்பல். குளிர்ந்த தசையை முதலிலேயே இழுத்துப் பிடித்து நிற்பது வேண்டாம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு இந்த ஐந்தையும் இதே வரிசையில் செய்யுங்கள்.

ஸ்குவாட்: கதிரைக்கு முன் நின்று, இருக்கப் போவதுபோல் இறங்கி, கதிரையில் பட்டும் படாமலும் எழும்புங்கள். குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பக் கூடாது. முழங்கால் உள்ளே சாய்ந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம், ஆறுதலாக இறங்குங்கள்.

புஷ்-அப்: நேரே நிலத்தில் தொடங்க வேண்டாம். முதலில் சுவர், பிறகு மேசை விளிம்பு, பிறகு கதிரை, கடைசியில்தான் நிலம். நிலத்தில் இடுப்பு தொங்க மூன்று செய்வதை விட, மேசையில் உடல் நேராக இருக்கப் பன்னிரண்டு செய்வது தசையைக் கூடுதலாகக் கட்டும். கடினமானதைச் செய்துகாட்ட வேண்டும் என்ற அவசரத்தில், ஆண் பிள்ளைகள் தோள் நோவோடு வந்து நிற்பது இந்தப் படியில்தான்.

பை இழுவை: போத்தல் நிரப்பிய பையை ஒரு கையில் பிடித்து, மறு கையைக் கதிரையில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, முழங்கை விலாவை உரச மேலே இழுங்கள். எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். புஷ்-அப் மட்டும் செய்து இதை விட்டால், ஏற்கெனவே முன்னே வளைந்த தோள் இன்னும் வளையும்.

இடுப்புத் தூக்கல்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிக்காலை ஊன்றி இடுப்பை உயர்த்துங்கள். மேலே இரண்டு விநாடி நிற்க வேண்டும். நாள் முழுக்க இருந்து படிப்பவர்களின் நாரிக்கு இது மிகவும் உதவும்.

பிளாங்க்: முழங்கையை ஊன்றி உடலை நேராகப் பிடிக்க வேண்டும். இருபது விநாடி காணும். மூச்சை அடக்க வேண்டாம்.

பிளாங்க் தவிர மற்றவற்றில் எட்டு முதல் பன்னிரண்டு முறை. ஐந்தையும் முடித்தால் ஒரு சுற்று. ஒரு நிமிடம் ஆறி அடுத்த சுற்று. முதல் இரண்டு கிழமையும் இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள், பிறகு மூன்று. 'இன்னும் இரண்டு செய்யலாம்' என்ற நிலையில் ஒவ்வொன்றையும் விட வேண்டும். முதல் நாளே உயிரைக் கொடுத்துச் செய்தவருக்கு மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க ஏலாது. ஏலாதபோது அடுத்த பயிற்சி நாள் தவறும். அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு.

வயிறு குறைய வேண்டும் என்று தினமும் நூறு சிட்-அப் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு இடத்துத் தசையை உழைப்பதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. அந்த நேரத்தை ஸ்குவாட்டுக்கும் இழுவைக்கும் கொடுங்கள்.

5. கூட்டும் முறை

மூன்று சுற்றிலும் பன்னிரண்டு முறை ஒழுங்காக வந்துவிட்டால் மட்டும் அடுத்த நிலைக்குப் போங்கள். மேசை புஷ்-அப் கதிரைக்கு மாறும், ஸ்குவாட்டில் பையை முன்னால் அணைத்துப் பிடிக்கலாம், இழுவையில் இன்னொரு போத்தல் நிரம்பும். மாறிய அன்று எண்ணிக்கை எட்டுக்கு இறங்கும். அது பின்னடைவில்லை, அப்படித்தான் வரும்.

கூட்டாமல் ஒரே அளவைச் செய்துகொண்டிருந்தால் உடல் அதற்குப் பழகி, பலம் கூடுவது நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் செய்ததைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

6. நடையும் ஓட்டமும்: நான்காம் கிழமையில்

மூன்று கிழமை பலப்பயிற்சி தவறாமல் நடந்த பிறகு இதைச் சேருங்கள். முதலில் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான உழைப்பு. நாலைந்து சொல்லுக்கு மேல் பேச முடியாவிட்டால் அது கடுமையான உழைப்பு.

நகரில் இருப்பவர்களுக்கு, பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நிழல் இருக்கிறது, வாகனம் குறைவு, ஏற்றம் இருப்பதால் ஓடாமலே நெஞ்சு உழைக்கும். காலையிலும் பின்னேரமும் கோயிலுக்குப் போகும் சனம் இருப்பதால் தனியாகப் போகும் பிள்ளைக்கும் பயம் குறைவு. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், அடக்கமான உடுப்போடு போங்கள். அங்கே திரியும் மான்களுக்குத் தீன் கொடுக்க நிற்க வேண்டாம். உவர்மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே ஏற்றம் இருக்கிறது.

ஓட்டம் வேண்டுமென்றால் நடையோடு கலந்து தொடங்குங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு முறை. மொத்தம் 18 நிமிடம். நெஞ்சும் நுரையீரலும் சில கிழமைகளில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் எடுக்கும். மூச்சு வாங்கவில்லை என்று தூரத்தைக் கூட்டுபவர்களுக்குக் கணைக்கால் எலும்பு நோவது அதனால்தான்.

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஓடுபவர்கள் தளர்ந்த மணலைத் தவிர்த்து, அலை நனைத்து இறுகிய மணலில் ஓடுங்கள். தளர்ந்த மணலில் கால் புதைவதால் கெண்டைக்காலுக்கும் குதிக்கால் தசைநாருக்கும் வேலை கூடும். இறுகிய கரையும் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் உயரத்தில் விழும். போன பாதையிலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சரிவு சமமாகும். வெறுங்காலோடு ஓட ஆசையென்றால் முதலில் சில நிமிடம் மட்டும். கண்ணாடித்துண்டையும் தூண்டில் முள்ளையும் பார்த்து ஓடுங்கள்.

விடியக்காலையில் நாய் துரத்தினால் ஓட வேண்டாம், ஓட்டம்தான் அதைத் தூண்டும். நின்று, முகத்தை அதன் பக்கம் வைத்து மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

7. வெயிலும் கச்சானும் மாரியும்

திருகோணமலையில் வருடம் முழுக்க ஒரே நேரத்தில் வெளியே பயிற்சி செய்ய முடியாது. சித்திரையிலிருந்து ஆவணி வரை வெயில் கடுமை. கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், எவ்வளவு தண்ணீர் போனது என்று உடல் காட்டாது. இந்தக் காலத்தில் காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை வெளியே வேண்டாம். வெயிலுக்குப் புதியவர்கள், முக்கியமாக மலையகத்திலிருந்து வந்து படிப்பவர்கள், முதல் இரண்டு கிழமையும் பாதி அளவோடு நிற்பது நல்லது.

தலைசுற்று, வாந்தி உணர்வு, வெயிலிலும் குளிர் அடிப்பது போன்றவை வந்தால் உடனே நிழலுக்குப் போய், தண்ணீர் குடித்து, உடலை நனைக்க வேண்டும். கூட ஓடுபவர் பிதற்றினாலோ தடுமாறினாலோ நனைத்துக்கொண்டே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம்.

ஐப்பசியிலிருந்து தை வரை மாரி. வெளியே நடக்க வேண்டியதை மண்டபத்துக்குள்ளோ மாடிப்படியிலோ செய்யுங்கள். இந்த மாதங்களில் கடல் குழம்பியிருக்கும், நீந்துவதைப் பயிற்சியாக எண்ணவே வேண்டாம். கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையிலும், தனியாக இறங்கக் கூடாது.

8. சாப்பாடும் நித்திரையும்

விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டில் சோறும் பாணும் தாராளம், புரதம்தான் குறைவு. பலப்பயிற்சி செய்பவர் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராமாவது புரதம் எடுக்கப் பார்க்க வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு பிடி கச்சான் கடலையில் ஏறத்தாழ 7 கிராம், ஒரு கோப்பை அவித்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 14 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல். கடற்கரை ஊரில் இருக்கிறீர்கள், மத்தியானம் இரண்டு துண்டு மீனும் கெட்டிப் பருப்பும் கேட்டு வாங்குங்கள். டின் புரத மா தேவையில்லை.

பின்னேரம் பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் முன் வாழைப்பழம் ஒன்றும் தண்ணீரும் காணும். வெறும் பிளேன்டீயோடு தொடங்குபவர்கள் இரண்டாம் சுற்றில் தளர்ந்துபோவார்கள்.

ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். ஐந்து மணித்தியாலம்கூடத் தூங்காத நாளில் ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். பயிற்சிக்காக நித்திரையை வெட்டினால், தசையும் கட்டாது, படித்ததும் நிற்காது.

9. பரீட்சை, நோன்பு, விரத காலங்களில்

ஸ்டடி லீவில் முழுதாக நிறுத்துவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. கட்டிய பலத்தைக் காப்பதற்கு, அதைக் கட்ட எடுத்ததில் ஒரு பங்கு உழைப்பே போதும். பாரத்தைக் குறைக்காமல், கிழமைக்கு ஒரு முழுப் பயிற்சி செய்தாலே பல கிழமைக்குத் தாங்கும். அதோடு ஒவ்வொரு மணித்தியாலமும் புத்தகத்தை மூடி ஐந்து நிமிடம் நடவுங்கள். நாளுக்கு ஆறு முறை என்றால் அரை மணித்தியால நடை வந்துவிடும்.

ரமழான் நோன்பு பிடிப்பவர்களுக்கு இரண்டு நேரம் பொருந்தும். நோன்பு திறக்க அரை மணித்தியாலம் முன் மெதுவான நடை, அல்லது தராவீஹ் தொழுகைக்குப் பின் பலப்பயிற்சி. கடுமையானது எதையும் தண்ணீர் குடிக்க முடியாத நேரத்தில் வைக்க வேண்டாம். கந்தசஷ்டி போன்று ஒருவேளைச் சாப்பாட்டோடு இருக்கும் நாட்களில் நடையோடு நிற்கலாம்.

மாதவிடாய் நாட்களில் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இலேசான அசைவு சிலருக்கு வயிற்று நோவைக் குறைக்கும். கூடினால் விட்டுவிட்டுப் பதில் நாளில் செய்யுங்கள்.

10. எப்போது நிறுத்த வேண்டும்

பயிற்சி செய்த அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் தசை உழைவது இயல்பு. அதோடு செய்யலாம். மூட்டுக்குள் குத்தும் நோவு, ஒரு பக்கம் மட்டும் வீக்கம், நடக்க நடக்கக் கூடும் எலும்பு நோவு ஆகியவற்றுக்கு நிறுத்தி, ஒரு கிழமையில் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். அளவுக்கு மீறிச் செய்த பிறகு தசை தாங்க முடியாமல் நொந்து, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடைந்த தசையிலிருந்து வருவது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

காய்ச்சலோடு பயிற்சி செய்யவே கூடாது. மாரிக்குப் பின் டெங்கு பரவும் ஊர் இது. டெங்கு வந்து மாறியவர்கள் வைத்தியர் சொன்ன பிறகு, முதல் கிழமை நடை மட்டும், அடுத்த கிழமை ஒரு சுற்று என்று தொடங்குங்கள். கொப்பியில் கடைசியாக எழுதியிருந்த எண்ணிக்கையை அன்று பார்க்க வேண்டாம். புதிய பக்கத்தில், சுவர் புஷ்-அப்பிலிருந்து எழுதுங்கள்.